திருக்கோணமலைப் பிள்ளைகளை எங்கே இருத்துவது?

பள்ளிக்கூட மனேச்சர் பொறுப்புக்குப் புதிதாய் வந்திருக்கும் தம்பிமாருக்கு,

உங்களிலே இரண்டு பேர் பி.ஏ. என்று அறிந்தேன். மெத்தச் சந்தோஷம். நான் மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாய் முடிக்கவில்லை. நடுவிலே எங்கள் ஐயா சுருட்டுக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனாலும் நான் மனேச்சராய் இருந்த காலத்தில் பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வந்த வித்தியாதரிசிமார் அத்தனை பேரும் என்னைக் கண்டால் எழும்பி நின்றுதான் கதைத்தார்கள். கூலிக்குச் சுருட்டுச் சுற்றினவன் சொந்தமாய் இரண்டு கொட்டில் போட்டு, அந்தக் காசில் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டு, கடைசியில் அதே பள்ளிக்கூடத்துக்கு மனேச்சராய் வந்தது இந்தப் பகுதியில் வேறு எங்கும் நடக்கவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும் அல்லவா?

யன்னல் எவ்வளவு அகலம், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு இடம், வரவு குறைந்தால் அரசாங்க உதவிப்பணம் எப்படி நிற்கும் என்பதெல்லாம் உங்கள் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். எங்கேயோ குண்டு விழும். சில நாளில் உங்கள் வாசல் படலையடியில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அவர்களை எங்கே இருத்துவது? சின்னக் கேள்வி போலத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

யப்பான்காரன் திருக்கோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட அந்தச் சித்திரையில் அங்கிருந்த சனம் திக்குத்திக்காய் ஓடியது. யாழ்ப்பாணத்தில் உற்றார் உறவினர் உள்ளவர்கள் அவரவர் வீடுகளுக்குப் போனார்கள். ஒருவரும் இல்லாதவர்கள் லொறிக்காரன் இறக்கிவிட்ட இடத்தில் இறங்கினார்கள். அளவெட்டிக்கு அடுத்த எங்கள் ஊரில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் இறங்கியது. ஆம்பிளைகளைத் துறைமுக வேலைக்கென்று அங்கேயே மறித்துவிட்டார்கள். வந்தது பெண்களும் பிள்ளைகளும்தான். என்னுடைய கொட்டில் ஒன்று அப்போது சும்மா கிடந்தது, பக்கத்தில் என் கிணறும் இருந்தது. திறந்து கொடுத்தேன். ஊரில் வேறு ஒருவரும் கொடுக்க முன்வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர்களுக்குள்ளே வாயுள்ளவள் பரிமளம் என்று ஒருத்தி. முப்பது வயதிருக்கும். மூன்று பிள்ளைகள். மூத்தவள் யோகம் அங்கே ஐந்தாம் வகுப்புப் படித்தவள். வந்து இரண்டு நாள் ஆகவில்லை, பரிமளம் என்னிடம் வந்தாள்.

"முதலாளிதான் பள்ளிக்கூட மனேச்சராம்?"

"ஓம். ஏன்?"

"இவளின்ரை தேப்பன் வரேக்கை ஒண்டுதான் சொல்லிவிட்டவர். சாப்பாடு முன்னைப்பின்னை இருந்தாலும் பரவாயில்லையாம். படிப்பு நிக்கக் கூடாதாம்."

"அதுக்கென்ன, திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வா" என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் எல்லாம் தலைவாரித் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள். தலைமைச் சட்டம்பியார் வாசலில் நின்றார். நல்ல மனிதர், படிப்பித்தலில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் பிள்ளைகளை உள்ளே விடவுமில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சட்டம்பியார், இடமில்லையோ?"

"இடம் இருக்கு முதலாளி. எந்த இடம் எண்டதுதான் தெரியேல்லை."

எங்கள் பள்ளிக்கூடத்தில் முன்னுக்குப் பலகை வாங்குகள் இருந்தன. பின்சுவரோரம் நிலத்தில் பனையோலைப் பாய்கள் விரித்திருந்தன. எல்லாப் பிள்ளைகளும் சமமாய் இருக்க வேண்டும் என்று அரசாங்கம் எப்போதோ சட்டம் போட்டுவிட்டது. வித்தியாதரிசி வரும் நாளில் பாய்களைச் சுருட்டி எல்லாரையும் வாங்கில் ஏற்றுவோம். அவருடைய வண்டி சந்தி திரும்பினதும் பாய் விரிந்துவிடும். எனக்கு முந்தின மனேச்சர் காலத்திலேயே இருந்த வழக்கம் அது. நான் ஒருமுறை அதில் கை வைத்து, எல்லாரையும் வாங்கில் இருத்திப் பார்த்தேன். அடுத்த நாள் முன் வாங்குகள் முழுவதும் வெறுமை. பக்கத்து ஊரொன்றில் இதே விஷயத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரை எரிந்ததும் எல்லாருக்கும் நினைவிருந்தது.

எங்கள் ஊரில் சாதி என்று வாயால் சொல்ல மாட்டார்கள். "எந்தப் பகுதி ஆக்கள்?" என்றுதான் கேட்பார்கள். இந்தப் பிள்ளைகள் எந்தப் பகுதி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதுதான் சட்டம்பியாரின் சிக்கல்.

"வாங்கிலை இருத்தி, நாளைக்கு வேறை மாதிரி எண்டு தெரிய வந்தால் என்ரை தலை போகும். பாயிலை இருத்தி, நல்ல பகுதி எண்டு தெரிய வந்தாலும் என்ரை தலைதான் போகும். எனக்கு இருக்கிறது ஒரு தலை, முதலாளி."

பிறகு பரிமளத்தைப் பார்த்து மெதுவாய்க் கேட்டார்.

"தங்கச்சி, உங்கடை சொந்த ஊர் எது?"

"திருக்கோணமலை."

"அது சரி. அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி நான் பிறக்கேல்லை, வாத்தியார்."

மற்றப் பெண்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள். சட்டம்பியார் என்னைப் பார்த்தார். கடைசியில், விசாரித்து முடியும் வரை வளவில் நின்ற இலுப்பை மரத்தின் கீழே பிள்ளைகள் இருக்கட்டும் என்று தீர்மானமானது. உள்ளே பாடம் நடக்கும், வெளியே இவர்கள் இருப்பார்கள். ஊர்ப் பெடியள் இரண்டு நாளில் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். இடைவேளையில் ஓடிவந்து, "மர வகுப்பு, மர வகுப்பு" என்று கத்துவார்கள். யோகம் என்னிடம் ஒருநாள் கேட்டாள்:

"மனேச்சர் ஐயா, மர வகுப்பு பாஸ் பண்ணினால் அடுத்தது என்ன வகுப்பு? கொப்பு வகுப்போ?"

சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

இதற்குள் ஊர் முழுக்க ஒரே வேலையாய் இறங்கிவிட்டது. நெல் விலை, யுத்தம், யப்பான்காரன் எல்லாம் மறந்துபோய்விட்டது. இவர்கள் யார்? பெண்கள் ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு என் கொட்டில் கிணற்றடிக்குப் போய் வந்தார்கள். தாலியைப் பார்த்தார்கள், சேலைக் கட்டைப் பார்த்தார்கள், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கிறார்களா தலையில் வைக்கிறார்களா என்று பார்த்தார்கள். ஒருத்தி ஒன்று சொன்னால் மற்றவள் அதற்கு மாறாய்ச் சொன்னாள். தகப்பன் பெயர் கேட்டால் ஆறுமுகம் என்றார்கள். ஆறுமுகம் எந்தப் பகுதியில்தான் இல்லை? தொழில் கேட்டால் துறைமுகம் என்றார்கள். துறைமுகத்தில் எல்லாரும்தான் வேலை செய்கிறார்கள்.

அரசாங்கம் வைத்த ஊர்த்தலைவரான விதானையாரின் பெண்சாதி பெரிய கெட்டிக்காரி. செம்பு நிறைய மோர் கொண்டுபோனாள். செம்பைக் கையில் வாங்கிக் குடிக்கிறாளா, கையைக் குவித்து ஏந்துகிறாளா என்று பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பது அவளுடைய கணக்கு. பரிமளம் உள்ளே போய், நேவிக்காரன் எறிந்த தகரப் பேணி ஒன்றை எடுத்து வந்து நீட்டினாளாம்.

"இதுக்குள்ளை ஊத்துங்கோ அக்கா. எங்கள் எல்லாருக்கும் இந்த ஒரு பேணிதான்."

விதானையாரின் பெண்சாதி வந்து சொன்னாள்: "உந்தப் பேணியைப் பாத்து நான் என்னத்தை அறியிறது?"

இப்படிக் கிழமைகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை பெரியதம்பியர் என்னைக் கூப்பிட்டார். முன் வாங்குப் பிள்ளைகளில் அரைவாசி அவருடைய பேரப்பிள்ளைகளும் அவருடைய சொந்தக்காரர் பிள்ளைகளும்தான். கோயிலிலும் அவர் சொல்தான் சொல். கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். வந்தவர்களுக்கு இரண்டு மூடை அரிசி அனுப்பியவரும் அவர்தான்.

"எனக்கு அதுகளிலை ஒரு கோபமும் இல்லை" என்றார். "ஆரெண்டு தெரிஞ்சால் அதுக்கேத்த மாதிரி இருத்திப்போட்டுப் படிப்பிக்கலாம். வாற கிழமைக்குள்ளை அதுகளின்ரை வாயாலை அறிஞ்சு சொல்லு. இல்லாட்டி அதுகளை வேறை பள்ளிக்கூடம் பாக்கச் சொல்லு."

"வேறை பள்ளிக்கூடத்திலையும் இதைத்தானே கேப்பினம்?"

"அது அந்தப் பள்ளிக்கூடத்து மனேச்சரின்ரை பாடு. எங்கடை பிள்ளையள் எழும்பிப் போனால் உன்ரை உதவிப்பணம் நிண்டு போகும். யோசிச்சுச் செய்."

படித்த மனேச்சராய் இருந்தால் அன்றைக்கே கொழும்புக்குக் கடிதம் எழுதியிருப்பார். கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் யோகம் கல்யாணம் கட்டியிருப்பாள். நான் நேரே கொட்டிலுக்குப் போனேன். பொய் சொல்லக் கூடாது, அவர்கள் யார் என்று அறிய எனக்கும் நாக்கு நமைச்சல்தான்.

பரிமளம் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் அதைத்தான் கேக்க வந்தனீங்களோ, முதலாளி?"

"இல்லையில்லை. சும்மா வந்தனான்."

"சும்மா வாற ஆக்கள் நிலத்தைப் பாத்து நடப்பினம். நீங்கள் என்ரை கழுத்தைப் பாக்கிறியள்."

வெட்கமாய்ப் போய்விட்டது. கிணற்றுக்கட்டில் இருந்து விஷயத்தைச் சொன்னேன். பெரியதம்பியரின் தவணையையும் சொன்னேன். அவள் சேலையைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள்.

"ஆனையிறவு தாண்டேக்கை லொறிக்குள்ளை எல்லாரும் கதைச்சு முடிவெடுத்தது முதலாளி. ஒருத்தரும் சொல்லுறேல்லை எண்டு."

"நல்ல பகுதி ஆக்கள் சொன்னால் அவையளுக்கு நல்லதுதானே?"

"சொன்ன ஆள் உள்ளுக்குப் போயிடும். சொல்லாத ஆள் ஆரெண்டு பிறகு கேக்கத் தேவையில்லையே. தானாத் தெரிஞ்சிடும். அதுதான், இருந்தால் எல்லாரும், இல்லாட்டி ஒருத்தரும் இல்லை."

தம்பிமாரே, அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. அறிய முடியாமல் இருப்பதுதான் இந்தப் பிள்ளைகளின் பலம். நான் அதை உடைக்கக் கூடாது. பெருப்பிக்க வேண்டும்.

அடுத்த நாள் பெரியதம்பியரைத் தோட்டத்தில் கண்டு, புகையிலைக் கதை கொஞ்சம் கதைத்துவிட்டு, போகும்போது திரும்பி நின்று கேட்டேன்:

"உங்கடை தமையனார் ஒராள், காணிச் சண்டையிலை கோவிச்சுக்கொண்டு போனவரெல்லோ? எந்தப் பக்கம் போனவர்?"

"அது முந்தின கதை. ஏன் கேக்கிறாய்?"

"சும்மா கேட்டனான்."

"திருக்கோணமலைப் பக்கம் எண்டு கேள்வி" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போல நின்றார்.

"பிள்ளை குட்டி இருக்குமோ?"

பதிலுக்கு நிற்காமல் நான் வந்துவிட்டேன். நான் சொன்னது பொய்யில்லை. ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். அன்று பின்னேரம் விதானையாரிடம் அவருடைய மாமன் ஒருவரைப் பற்றிக் கேட்டேன். கோயில் கணக்கரிடம் அவருடைய சின்னையாவைப் பற்றிக் கேட்டேன். திருக்கோணமலைக்குப் போய்க் கடிதம் போடாமல் விட்ட ஒருவர் எங்கள் ஊரில் எந்தக் குடும்பத்தில் இல்லை?

திங்கட்கிழமை காலையில் இலுப்பை மரத்தடி திருவிழா போல இருந்தது. பெரிய மனிதர்கள் எல்லாரும் பிள்ளைகளைப் பார்க்க வந்துவிட்டார்கள். மூக்கைப் பார்த்தார்கள், நெற்றியைப் பார்த்தார்கள். பெரியதம்பியர் பரிமளத்தின் கடைசிப் பெடியனின் காதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அவருடைய காதும் அப்படித்தான். என்னுடைய காதும் அப்படித்தான் என்பதை நான் சொல்லவில்லை.

"தம்பி, உன்ரை கொப்பப்பாவின்ரை பேர் என்ன?"

"அப்பப்பா."

"அப்பப்பாவை ஊரிலை என்னெண்டு கூப்பிடுவினம்?"

"அப்பப்பா எண்டுதான்."

பெரியதம்பியர் என்னைத் தனியே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது.

"உவனை மட்டும் பாயிலை இருத்திப்போடாதை."

"உவனை மட்டும் வாங்கிலை இருத்தினால் மத்தாக்கள் கேப்பினமே. விதானையாரும் ஒரு பிள்ளையைப் பாத்து வைச்சிருக்கிறார்."

அவர் பொல்லை நிலத்தில் ஒருமுறை தட்டினார். "சரி, விசாரிச்சு முடியும் வரைக்கும் எல்லாத்தையும் வாங்கிலை இருத்து."

அப்படி மர வகுப்பு உள்ளே போனது. யோகம் ஐந்தாம் வகுப்பு முன் வாங்கில் போய் இருந்து, சிலேட்டை மடியில் வைத்து, சட்டம்பியாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனிதனிடம் விடையைக் கொடுத்தால் அதை வைத்து உங்களை அடிப்பான். கேள்வியைக் கொடுத்தால் அதோடு மினக்கெடுவான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு, பனை ஏறும் கந்தன் என் கொட்டிலுக்கு வந்து படலைக்கு வெளியே நின்றான். அவனுடைய மகள் பூமணி பின்சுவரோரம் பாயில் இருப்பவள்.

"முதலாளியிட்டை ஒரு யோசனை கேக்க வந்தனான்."

"சொல்லு."

"என்ரை பிள்ளையைத் திருக்கோணமலைக்கு அனுப்பிப்போட்டுக் கூட்டிக்கொண்டு வரட்டோ? குண்டு விழுந்தாலும் பரவாயில்லை. வந்த உடனை வாங்கு குடுக்கிறியள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நானும் சிரித்தேன். அவன் போன பிறகு என்னால் சுருட்டைப் பற்றவைக்க முடியவில்லை. போய்ப் பரிமளத்திடம் அதைச் சொன்னேன், அவளும் சிரிப்பாள் என்று. அவள் அரிசி கொழித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"லொறியிலை எத்தினை பிள்ளையள் வந்தது எண்டு ஆர் முதலாளி எண்ணினது?"

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பூமணியையும் லொறியில் வந்த பிள்ளையாய்ச் சேர்த்து வாங்கில் இருத்தச் சொல்கிறாள் என்று விளங்கியதும் பயம் பிடித்தது. வந்த பிள்ளைகள் யார் என்று ஊருக்குத் தெரியாது. பூமணி யார் என்று கோயில் மாட்டுக்கும் தெரியும். இது ஏமாற்றில்லை, ஊரோடு நேருக்கு நேர் நிற்பது. கந்தனைத் திரும்பக் கூப்பிட்டேன். அவன் இப்போது சிரிக்கவில்லை.

"நான் பகிடிக்குச் சொன்னது, முதலாளி."

"எனக்குத் தெரியும். இப்ப பகிடியில்லாமல் கேக்கிறன்."

"என்ரை வீடு கிடுகு. ஒரு நெருப்புக்குச்சி போதும்."

"என்ரை கொட்டில் ஓடு. பெண்சாதி பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்து அதிலை இரு. உன்னைத் தேடி வாறவன் முதல்லை என்னட்டை வரட்டும்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு, "என்ரை பெட்டை கெட்டிக்காரி" என்று மட்டும் சொன்னான். மற்றப் பாய்ப் பிள்ளைகளின் வீடுகளுக்கும் அவன்தான் போய்க் கதைத்தான். சிலர் மாட்டோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அடுத்த திங்கட்கிழமை நான் வேளைக்கே போய்ப் பள்ளிக்கூட வாசலில் கதிரை போட்டு இருந்தேன். கொட்டிலில் இருந்து பிள்ளைகள் வரிசையாய் வந்தார்கள். யோகம் முன்னுக்கு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பூமணி. இடையிடையே மற்றப் பாய்ப் பிள்ளைகள். எல்லாரும் ஒரே மாதிரித் தலைவாரி, ஒரே மாதிரித் திருநீறு. உள்ளே போய் வாங்கில் இருந்தார்கள். சட்டம்பியார் சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். அவருக்கு இருந்தது ஒரு தலைதானே. ஆனால் ஒரு பிள்ளையையும் எழுப்பவில்லை. அதற்காகவே அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

செய்தி ஓடியது. முதல் மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகவில்லை, பெரியதம்பியர் பொல்லையும் ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலே ஐந்தாறு பேர். என்னைத் தாண்டி உள்ளே போனார். நான் மறிக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பிப் பின்னாலே போனேன்.

பூமணி இருந்த வாங்கின் ஒரு நுனியில் அவருடைய பேரன், மற்ற நுனியில் அந்தக் காது ஒட்டின பெடியன். பூமணி யோகத்தோடு நடுவில் இருந்தாள்.

"நீ ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்டார்.

பூமணிக்குப் பதிலாய் யோகம் எழும்பி நின்றாள்.

"எங்களோடை வந்தது, ஐயா."

"எங்களோடை எண்டால்?"

"நாங்கள் எல்லாரும் ஒண்டாத்தான் வந்தனாங்கள்."

பெரியதம்பியரின் பனைகளில் ஏறுகிறவன் கந்தன்தான். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அவருக்குத் தெரியும். அது யோகத்துக்கும் தெரியும். பின்னால் நின்ற ஒருவர், "இழுத்து வெளியிலை விடுங்கோ அண்ணை" என்றார். பெரியதம்பியர் பொல்லைத் தூக்கினார். தூக்கினவர் வாங்கின் நுனியில் இருந்த சின்னவனைப் பார்த்தார். பூமணியை எழுப்பினால் அடுத்த கேள்வி அவனிடம் கேட்க வேண்டும். அவன் அவருடைய தமையனின் பேரனாகவும் இருக்கலாம், ஒரு உறவும் இல்லாதவனாகவும் இருக்கலாம். கேட்டால் ஏதாவது ஒரு பதில் வரும். அந்தப் பதிலை அறிய அவருக்கு இவ்வளவு நாளும் இருந்த ஆசை எங்கே போனது என்று நான் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் எனக்கு அது விளங்கவில்லை.

பொல்லு மெதுவாய்க் கீழே வந்தது. தன் பேரனைப் பார்த்தார். அவன் பூமணியில் முட்டாமல் வாங்கின் நுனியில் அரைக் குண்டியில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"விழப் போறாய்" என்றார். "அவளோடை நெருங்கி இரு."